தட்டில் எழுதப்படாத பெயர்கள்

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தைச் சேர்ந்த கொலம்பஸ் நகரில், 1970ஆம் ஆண்டையொட்டி, பிரிக்ஸ் என்னும் சிறிய இசைத்தட்டு நிறுவனம் ஒன்று நடந்து வந்தது. கறுப்பின இளைஞர் பாடிய சோல் இசையைப் பதிந்து வெளியிட்ட அந்நிறுவனம் நெடுநாள் நிலைக்கவில்லை. பல்லாண்டு கழித்து, மறைந்தவர் ஒருவருடைய வீட்டுப் பொருள்களை விற்ற இடத்தில், அந்நிறுவனத்தின் ஒலிநாடாச் சுருள்கள் கிடைத்தன. பழைய இசையைத் தேடி மறுபதிப்புச் செய்யும் சிகாகோ நகரத்து நூமரோ நிறுவனம் 2007இல் அவற்றைத் தொகுத்து வெளியிட்டது. அத்தொகுப்பில் ஒத்திகைபோல் பதியப்பெற்ற எளிய பாட்டு ஒன்றும் இருந்தது. ஒரு பெண்குரல், துணைக்குச் சில ஆண்குரல்கள், ஒரு கிட்டார், அவ்வளவே. பாடியோர் ‘பெனி அண்ட் த குவார்ட்டர்ஸ்’ என்னும் குழுவினர் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. பெனி என்பது அந்நாட்டுச் சிறு காசு. குவார்ட்டர் என்பது கால் டாலர். நம் வழக்கில் ‘சல்லியும் கால்வெள்ளியும்’ என்று பெயர் வைத்துக்கொண்டது போன்ற விளையாட்டு அது.

2010இல் ‘புளூ வேலண்டைன்’ என்னும் திரைப்படத்தில் அப்பாட்டு இடம்பெற்றது. உலகெங்கும் கேட்டார்கள். பாடியவருக்குச் சேர வேண்டிய பணம் இருந்தது. பாடியவர் யார் என்பதுதான் தெரியவில்லை. தேடல் செய்தித்தாள்களுக்குப் பரவி, 2011இல் விடை கிடைத்தது. பெனி என்பவர் நானி ஷார்ப் என்னும் பெண்மணி. உடன்பாடியவர்கள் அவருடைய உடன்பிறந்தோர். பாட்டை எழுதிய ஜே ராபின்சன் 2009இலேயே மறைந்துவிட்டார். தம் பாட்டு மீண்டதை அவர் அறியவில்லை.

மொழியியல் படித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று அவையோர் கேட்கலாம். இழந்த ஒலியை மீட்பது பொறியாளர் வேலை. அவ்வொலியை மீண்டும் ஒரு மனிதரோடு சேர்ப்பது பெயரின் வேலை. பெயர் என்பது மொழியின் பகுதி. ஆகவே இவ்வுரை, பதிவாகிய ஒலிக்கும் அதனருகே எழுதப்பட்ட அல்லது எழுதப்படாத பெயருக்கும் இடையிலுள்ள உறவைப் பற்றியது. தமிழிசைத்தட்டுகளின் வரலாற்றில் அவ்வுறவு விந்தையான ஒரு வளைவைக் கண்டிருக்கிறது.

தொடக்கத்தில் பெயர் ஒலியிலேயே இருந்தது. 1902 நவம்பரில், கிராமபோன் நிறுவனத்தின் பதிவாளர் பிரெட் கைஸ்பர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜான் என்னும் புகழ்பெற்ற பாடகியின் குரலைப் பதிந்தார். பாட்டு முடிந்ததும் அவர் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வதை இன்றும் கேட்கலாம். இது தற்பெருமையன்று. அன்று மூலப்பதிவுகள் கப்பலேறி ஜெர்மனியின் ஹனோவர் நகருக்குச் சென்றன. தட்டுகள் அங்கேதான் அச்சாயின. இந்திய மொழி எதுவும் அறியாத அத்தொழிலாளர், எந்தப் பதிவுக்கு எந்த ஒட்டுத்தாள் என்று பிரித்தறிய வேண்டும். அதற்காகவே பாடகர் தம் பெயரைச் சொன்னார். 1908இல் கல்கத்தாவிலேயே தொழிற்சாலை அமைந்தபின் அத்தேவை குறைந்தது. குரலில் இருந்த பெயர் தாளுக்குப் போயிற்று.

தட்டைப் பற்றியும் இங்கே ஒரு சொல். எமில் பெர்லினர் தம் முதற்காலத் தட்டுகளைக் கெட்டி ரப்பரில் செய்தார். 1890களின் நடுவில்தான் அரக்குக் கலவைக்கு மாறினார். அந்த அரக்கு பெரும்பாலும் இந்தியக் காடுகளிலிருந்து போனது. நாம் ‘கித்தா’ என்று வழங்கும் சொல் மலாய் மொழியின் ‘கெத்தா’வே. அது ‘பால்மரம்’ என்னும் நம் சொல்லாக்கத்தோடு தோட்டங்களில் இணைந்து வாழ்ந்தது. மலாயாத் தோட்டங்கள் பால் கொடுக்கத் தொடங்கியபோது இசைத்தட்டு ரப்பரை விட்டு விலகிவிட்டது. ஆயினும் தட்டைச் சுழற்றும் பொறிகள் பலவற்றின் உள்ளே ஒரு சிறு ரப்பர்ச் சக்கரம் இருந்தது. எங்கள் பெற்றோர் வெட்டிய பால் அதில் இருந்திருக்கலாம் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி உண்டு. ஆராய்ச்சி அன்று அது, மகிழ்ச்சி மட்டுமே.

தமிழ்த் திரையிசைத் தட்டுகளின் காலத்துக்கு வருவோம். நிமிடத்துக்கு 45 சுற்றுச் சுழலும் சிறு தட்டின் நடுவே ஒட்டிய வட்டத்தாளில் படத்தின் பெயர், பாட்டின் முதலடி, பாடகர், பாடலாசிரியர், இசையமைப்பாளர் ஆகியோர் பெயர் இருக்கும். வாசித்தவர் பெயர் பெரும்பாலும் இராது. கிட்டார், டிரம்ஸ், பேஸ் கிட்டார், வயலின் எல்லாம் சேர்ந்து ‘இசை’ என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும். தொகைச்சொல் ஒன்று தன் உறுப்புகளை மறைப்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் வகுப்பில் சொன்னதில்லை.

அக்காலத்தில்தான் சோல், ஃபங்க் என்னும் இசைவகைகள் சென்னைக்கு வந்து சேர்ந்தன. மாணவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். சோல் என்பது கறுப்பின மக்களின் திருச்சபைப் பாட்டு உலகியல் பொருளைப் பாடத் தொடங்கியபோது பிறந்தது. ஃபங்க் 1960களின் நடுவில் ஜேம்ஸ் பிரௌன் வழியாக உருப்பெற்றது. தாளச் சுற்றின் முதல் அடியில் முழு அழுத்தத்தையும் வைத்து, மற்றக் கருவிகளையெல்லாம் தாளக் கருவிபோல் இயங்கச் செய்வது அதன் இயல்பு. பாட்டின் எடுப்பு எங்கே விழுகிறது என்பதை உற்றுக் கவனிக்கும் நம் தாள மரபினருக்கு இது அயலான செய்தியாக இருந்திருக்காது.

அவ்விசை வந்த வழியை ஒரே ஒரு பாட்டின் பயணத்தைக் கொண்டு காட்டலாம். அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்தவரான பாபி ஹெப், தம் அண்ணன் கொல்லப்பட்ட துயரத்தை அடுத்து எழுதிய ‘சன்னி’ என்னும் சோல் பாட்டு 1966இல் தட்டாக வந்தது. பத்தாண்டு கழித்து, மேற்கு ஜெர்மனியில் அமைந்த போனி எம் குழு அதனை டிஸ்கோ தாளத்தில் வெளியிட்டது. அக்குழுவின் முகமாக மேடையேறிய நால்வரும் கரிபியன் தீவுகளில் பிறந்தவர்கள்; அவர்களும் கரும்புத் தோட்டங்கள் கலைத்துப் போட்ட மக்களின் வழிவந்தோர். 1978இல் ‘பிரியா’ படத்தில் பி. சுசீலா பாடிய ஒரு பாட்டின் தொடக்க இசையில் அந்த டிஸ்கோ வடிவத்தின் சாயலை இசையார்வலர் பலர் சுட்டுவர். சுஜாதாவின் கதையை எஸ்.பி. முத்துராமன் இயக்கிய அப்படம் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் எடுக்கப்பட்டது, இளையராஜா இசையமைத்தார், ஸ்டீரியோ முறையில் பதிவான முதல் தமிழ்த் திரையிசை என்று அதனைக் குறிப்பதுண்டு. ஆக, நாஷ்வில் நகரத்துத் துயரம் ஜெர்மனி வழியாகச் சென்னை சென்று, நம் நாட்டுக் காட்சிகளோடு நம்மிடமே வந்தது. இதைப் ‘பார்த்து எழுதியது’ என்று தள்ளிவிடுவோர் உண்டு. மொழிகளில் கடன்வாங்கல் எப்படி நடக்கிறது என்று பார்த்தவர்கள் அவ்வளவு விரைவாகத் தீர்ப்புச் சொல்லமாட்டார்கள். வந்த சொல் எந்த விகுதியை ஏற்கிறது என்பதே கேள்வி, இசையிலும் அப்படியே.

விகுதி சேர்த்தவர்கள் யார்? இளையராஜாவின் பதிவுகளில் டிரம்ஸ் வாசித்த புருஷோத்தமன், கிட்டார் வாசித்த சதானந்தம், சந்திரசேகர், பேஸ் கிட்டாரில் சசிதரன், விசைப்பலகையில் விஜி மானுவேல் முதலியோர். நான் ஏட்டில் தேடி அறிந்த பெயர்கள் அல்ல இவை. தட்டுகளிலும் இவற்றைக் காணவில்லை. பின்னாளில் மேடை நிகழ்ச்சிகளில் இசையமைப்பாளரே அறிமுகம் செய்தும், உடன்வாசித்தோர் பேட்டிகளில் நினைவுகூர்ந்தும், ஆர்வலர்கள் கேட்டுக் கேட்டுத் தொகுத்தும் பொதுவறிவாயின. வாய்மொழி மரபு என்று நாம் பாடம் நடத்துவது இதைத்தான்.

2010ஆம் ஆண்டையொட்டி, ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் என்னும் பிரிட்டிஷ் நிறுவனம் இளையராஜாவின் 1977 முதல் 1983 வரையிலான பாட்டுகளிலிருந்து ‘சொல்லச் சொல்ல’ என்னும் தொகுப்பை வெளியிட்டது. பழைய கடைகளில் தட்டு தேடும் மேலைநாட்டார், இதுவரை கேளாத ஃபங்க் இசை ஒன்று கிடைத்ததென வியந்தனர். நமக்குத் திருமண வீட்டு ஒலிபெருக்கியில் கேட்டுப் பழகிய பாட்டு, அவர்களுக்குக் கண்டுபிடிப்பு. இதில் சினங்கொள்ள ஒன்றுமில்லை. அவர்கள் தட்டைத் துடைத்து, நல்ல தாளில் அச்சிட்டு, ஆண்டும் குறித்தார்கள். நாம் அவற்றைப் பழைய இரும்புக்காரருக்குப் போட்டோம். ஆனால் அவர்கள் செவியில் தமிழ் ஒரு கருவியாக ஒலித்தது, சொல்லாக அன்று. சொல் கேட்காதபோது, அச்சொல் எந்த ஊர்ப் பேச்சு, எச்சாதியார் வழக்கு, எக்காலத்து உச்சரிப்பு என்னும் செய்திகள் எல்லாம் உதிர்ந்துவிடுகின்றன.

வெட்டியொட்டும் இசையில் இது இன்னும் வெளிப்படை. பிளாக் ஐட் பீஸ் குழு 2003இல் வெளியிட்ட ‘எலிஃபங்க்’ தொகுப்பின் ஒரு பாட்டில், 1985இல் வந்த ‘ஸ்ரீ ராகவேந்திரர்’ படப்பாட்டின் துணுக்கு ஒன்று உள்ளது. 2007இல் ‘காலா’ தொகுப்பில், 1991இன் ‘தளபதி’ படப்பாட்டுத் துணுக்கை எம்.ஐ.ஏ. எடுத்தாண்டார். இரண்டையும் ஒரு தட்டில் வைத்து நிறுக்க எனக்கு விருப்பமில்லை. எம்.ஐ.ஏ. என்னும் மாதங்கி அருள்பிரகாசம் ஈழத்தமிழ்ப் பெண். அவருக்கு அத்துணுக்கு வீட்டில் கேட்ட ஓசை. எடுத்த பொருள் ஒன்றானாலும் எடுத்த கை வேறு.

துணுக்கை வாசித்தவருக்கு என்ன கிடைக்கும் என்பது தனிக் கேள்வி. வாஷிங்டனைச் சேர்ந்த வின்ஸ்டன்ஸ் என்னும் குழு 1969இல் வெளியிட்ட தட்டின் பின்பக்கப் பாட்டில் கிரெகரி கோல்மன் தனித்து வாசித்த டிரம்ஸ் ஏழு நொடி அளவே. அதன்மேல் ஆயிரக்கணக்கான பாட்டுகள் கட்டப்பட்டன. இங்கிலாந்தில் ஓர் இசைவகையே எழுந்தது. கோல்மன் 2006இல் வீடின்றி, வறுமையில் மறைந்தார். குழுத்தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு, 2015இல் இங்கிலாந்து ஆர்வலர் திரட்டிய 24,000 பவுண்டு போய்ச் சேர்ந்தது. பதிப்புரிமைப் பணமாக அன்று, நன்கொடையாக.

இந்தியச் சட்டத்தில் இதற்கு ஒரு வாசகம் உண்டு. பதிப்புரிமைச் சட்டம் 1957இல் வந்தது. ‘நிகழ்த்துவோர்’ என்னும் வகையினர்க்கு உரிமை 1994 திருத்தத்தில்தான் கிட்டியது. 2012 திருத்தம் அச்சொல்லின் வரையறைக்கு ஒரு விலக்கைச் சேர்த்தது. அதன் கருத்து இது: திரைப்படத்தில் ஒருவருடைய நிகழ்த்தல் இடையே வந்துபோகும் தன்மையதாகவும், தொழில் வழக்கப்படி பெயர்ப்பட்டியல் உட்பட எங்கும் குறிப்பிடப்படாததாகவும் இருந்தால், தம் நிகழ்த்தல் சிதைக்கப்படுவதை எதிர்க்கும் உரிமை ஒன்றைத் தவிர, மற்றவற்றுக்கு அவர் நிகழ்த்துவோர் ஆகார். இரண்டு நிபந்தனைகளையும் இணைக்கும் ‘உம்’மை இலக்கண ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும். அவ்விடைச்சொல் ‘அல்லது’ என்று இருந்திருக்குமானால், பெயரில்லாமல் வாசித்த அத்தனை பேரும் ஒரே வரியில் வெளியேறியிருப்பர். உம்மை காப்பாற்றிய அளவுக்குக் காப்பாற்றுகிறது. ஆயினும் பெயர் எழுதப்படாமையே ஒருவருக்கு எதிரான சான்றாகக்கூடும் என்பது அவ்வாசகத்தில் இருக்கத்தான் செய்கிறது.

இலங்கையிலும் ஒரு கிளை இருந்தது. அங்கே அதற்குப் ‘பொப் இசை’ என்று பெயர். தமிழ்நாட்டார் ‘பாப்’ என்றும், இலங்கையார் ‘பொப்’ என்றும் எழுதுவது தற்செயலன்று. ஆங்கிலத்தின் அவ்வுயிரொலியை இலங்கைத் தமிழ் ஒகரமாகவும் தமிழ்நாடு ஆகாரமாகவும் ஏற்றன; ‘டொக்டர்’, ‘டாக்டர்’ என்பனவும் அவ்வாறே. பெயரில்லாத உறையொன்றில் இச்சொல் மட்டும் இருந்தால் போதும், அது எக்கரையில் அச்சானது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். 1960களின் பிற்பகுதியில் நித்தி கனகரத்தினம் யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழையே பாட்டுமொழியாக்கினார். ஏ.ஈ. மனோகரன், போர்த்துக்கேயர் வழிவந்த பைலாத் தாளத்தில் சிங்களமும் தமிழும் கலந்த ‘சுராங்கனி’யைப் பாடிப் புகழ்பெற்றார். அப்பாட்டு 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ என்னும் சென்னைப் படத்தில் இளையராஜா இசையில் மீண்டும் வந்தது. அங்கே அதைப் பாடியவர் மலேசியா வாசுதேவன். கொழும்புத் தெருவின் தாளம், சென்னைப் பதிவுக்கூடம், மலேசியக் குரல்: மூன்றும் ஒரே தட்டில். ஊர்ப்பெயரைத் தம் பெயரின் முன் இறுதிவரை சுமந்த அவர், இங்கே தமிழ் நாடகங்களிலும் இசைக்குழுவிலும் பயின்றவர்.

அவர் பயின்றவை போன்ற குழுக்கள் தோட்டங்களில் எத்தனையோ இருந்தன. கெமாஸிலிருந்து ஜொகூர் பாரு நோக்கி இறங்கும் இருப்புப்பாதையோரத்து லாபிஸ் வட்டாரமும் அதற்கு விலக்கன்று. அத்தகைய குழு ஒன்றின் கேசட் அண்மையில் என் கைக்கு வந்தது. ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளர் ஒருவர் வீட்டில் இருந்தது. உறையில் ஓர் எழுத்தும் இல்லை. நாடாவில் பேசுபவர் 1979ஆம் ஆண்டுத் தீபாவளிக் கலைநிகழ்ச்சி என்று சொல்வதால் காலம் தெரிகிறது. ஆர்மோனியம், தபேலா, தும்பா, மின்கிட்டார், டிரம்ஸ் ஆகியவை கேட்கின்றன. டிஸ்கோத் தாளத்தில் அமைந்த இரண்டு திரைப்பாட்டுகளில் டிரம்ஸ் வாசித்தவர் தட்டிலிருந்ததை அப்படியே திருப்பவில்லை. நடுவில் உறுமி மேளத்தின் நடை ஒன்றைக் கொண்டுவந்து நுழைக்கிறார். கேட்கத் தகுந்த வாசிப்பு.

என் துறைக்கு அதைவிடப் பெறுமதியானது பாட்டுகளுக்கிடையே அறிவிப்பாளர் பேசும் நான்கு நிமிடம். ‘பெரியோர்களே, தாய்மார்களே’ என்று மேடைத்தமிழில் தொடங்குபவர் மூன்றாம் தொடரில் பேச்சுக்கு இறங்கிவிடுகிறார். ‘பெரட்டு’, ‘மண்டோர்’, ‘கித்தா’ எல்லாம் வருகின்றன. ‘உக்காருலா’ என்று ஒரு சிறுவனை அதட்டும்போது மலாய் வழக்கின் ‘லா’ தமிழ் ஏவலோடு ஒட்டி நிற்கிறது. அதே மனிதர் அடுத்துப் பாடும்போது, திரைப்பாட்டில் உள்ள மதுரைச் சீமைப் பேச்சை அச்சுப்பிசகாமல் பாடுகிறார். ஒரே வாயில் இரண்டு வட்டார வழக்கு; ஒன்று வாழ்ந்தது, ஒன்று தட்டிலிருந்து கற்றது. எழுத்தாவணம் எதிலும் இதைக் காண முடியாது. தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறி, மக்கள் ஜொகூர் பாருவுக்கும் பாசிர் கூடாங்கிற்கும் சிங்கப்பூருக்கும் பிரிந்துபோன பிறகு, அப்பேச்சைப் பேசுவோர் ஒரே இடத்தில் கூடுவது அரிதாகிவிட்டது.

மாணவர்களிடம் இப்படிப்பட்ட நாடா கிடைத்தால் உடனே ஓடவிடாதீர்கள். நம் ஈரக்காற்றில் பூஞ்சை பிடித்திருக்கும். பென்சிலை நுழைத்துக் கையால் சுற்றிப் பாருங்கள். கேசட்டின் முதுகிலுள்ள இரண்டு சிறு தகடுகளையும் உடைத்துவிட்டால் தவறியும் அதன்மேல் வேறொன்று பதிவாகாது. பாட்டை மட்டும் கணினிக்கு மாற்றி, இடைப்பேச்சைத் ‘தேவையற்றது’ என்று வெட்டுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. தட்டாக இருந்தால், ஒட்டுத்தாளுக்கும் கடைசி வரிப்பள்ளத்துக்கும் இடையே கீறப்பட்ட எண்ணையும் படித்தெழுதுங்கள். தாள் கிழிந்தாலும் அவ்வெண் நிற்கும். வீட்டுப் பெரியவரிடம் கேட்கும்போது ‘யார் பாடினார்’ என்று நிறுத்தாமல் ‘யார் வாசித்தார்’ என்றும் கேளுங்கள்.

லாபிஸ் நாடாவில் பெயர்கள் எழுத்தில் இல்லாவிட்டாலும் குரலில் உண்டு. 1902இல் இருந்தது போலவே. அறிவிப்பாளர் வாசிப்பவர்களை ஒவ்வொருவராக அழைக்கிறார். பெரும்பாலும் பட்டப்பெயர்கள். அவற்றைக் கொண்டு ஆர்மோனியக்காரரையும் கிட்டார் வாசித்தவரையும் கண்டுபிடித்தோம். ஒருவர் குளுவாங்கில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார், மற்றவர் காலமாகிவிட்டார். ‘டிரம்ஸ் வாசிப்பவர்’ என்று அறிவிப்பாளர் தொடங்கும் இடத்தில் நாடாவின் முதற்பக்கம் முடிந்துவிடுகிறது. மறுபக்கம் நேரே பாட்டில் தொடங்குகிறது. லாபிஸ், பெக்கோக், சாஆ வட்டாரத் தோட்டங்களில் 1979இல் டிரம்ஸ் வாசித்தவர்களை அறிந்தோர் இக்கூட்டத்தில் இருந்தால், தேநீர் இடைவேளையில் என்னைச் சந்திக்க வேண்டுகிறேன். அவ்வாசிப்பின் படியொன்று என்னிடம் இருக்கிறது.